இரும்புப் பெட்டியின் எண் யார் கையில்?



இரவு கடையடைத்துக் கிளம்பும்போது ஷட்டர் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் படியிறங்கும் வணிகர் நம்மில் ஒருவரும் இல்லை. பத்தடி நடந்தபின் சந்தேகம் வந்து, திரும்பிப்போய் மூன்றாம் முறை இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் அதே கடையின் மூலையில் நிற்கும் இரும்புப் பெட்டியின் எண் பூட்டைப் பற்றிக் கேட்டால், "அது கம்பெனிப் பெட்டி, அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அந்த எண் எப்போது வைத்தது? யார் யாருக்குத் தெரியும்? மறந்துபோனால் யாரை அழைப்பது? எண் தெரியாமலே அதைத் திறக்கக்கூடியவர் உலகில் உண்டா? இந்த நான்கு கேள்விகளுக்கும் தடுமாறாமல் விடை சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே மிகச் சிலரே என்பது நம் எண்ணம். இக்கட்டுரை அந்த நான்கு கேள்விகளைப் பற்றியது.

"பணமெல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகிறது, இனி இரும்புப் பெட்டி எதற்கு?" என்று சில இளைய வணிகர்கள் கேட்கலாம். சில்லறை விற்பனையில் யு.பி.ஐ. பெருகிவிட்டது உண்மைதான். ஆனால் மொத்த வியாபாரத்தில் சுற்றுவட்டாரக் கிராமக் கடைக்காரர் இன்றும் ரொக்கம் கொண்டுவந்துதான் பழைய பாக்கியைத் தீர்த்துச் சரக்கு ஏற்றிப் போகிறார். 2015 செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலை வந்த பணம் திங்கட்கிழமை காலை வரை நம் பெட்டியில்தான் உறங்க வேண்டும். பணம் இல்லாவிட்டாலும் கிரயப் பத்திரம், புரோநோட்டு, காசோலைப் புத்தகம், கூட்டுவணிக ஒப்பந்தம், வீட்டுப் பெண்களின் நகை என்று பெட்டிக்குள் இருப்பது நம் வாழ்நாள் சம்பாத்தியம். வங்கி லாக்கரில் வைக்கலாமே என்றால், லாக்கர் ஒப்பந்தம் ரொக்கம் வைக்க இடம் தருவதில்லை. நகையும் பத்திரமும் வைத்தாலும், தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. ஆகவே நம் பெட்டியை நாமே அறிந்து வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண் பூட்டின் உள்ளே

சாவிப் பூட்டை நாம் அறிவோம். எண் பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். டயலுக்குப் பின்னால் ஒரே அச்சில் பெரும்பாலும் மூன்று வட்டத் தகடுகள் இருக்கும். மூன்று பழைய காசுகளை அடுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சிறு வெட்டு வெட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள். நாம் வலமும் இடமுமாகச் சரியான எண்களுக்குத் திருப்பும்போது மூன்று வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்கும். மேலே காத்திருக்கும் ஒரு சிறு கம்பி அந்தப் பள்ளத்தில் இறங்கும். கம்பியோடு சேர்ந்த நெம்புகோல் தாழ்ப்பாளை இழுக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

டயலில் 0 முதல் 99 வரை 100 எண்கள். மூன்று எண் என்றால் 100 பெருக்கல் 100 பெருக்கல் 100, அதாவது 10 லட்சம் சேர்க்கைகள். ஒரு சேர்க்கைக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், இரவு பகல் ஓயாமல் சுற்றினால் ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். "யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று நாம் சொல்வதற்கு இந்தக் கணக்கே ஆதாரம். வியாபாரிக்குக் கணக்கு பிடிக்கும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது.

எந்தப் பட்டறையிலும், எந்த இயந்திரத்திலும், மூன்று தகடுகளை மயிரிழை வித்தியாசமும் இல்லாமல் ஒரே அளவில் செய்ய முடியாது. ஒன்று சற்றே பெரிதாகவோ, மையம் சற்றே விலகியோ இருக்கும். மேலே இருக்கும் கம்பி எப்போதும் உயரமான தகட்டின் மேல்தான் முதலில் படும். அந்தத் தகட்டின் வெட்டு கம்பிக்கு அடியில் வரும்போது கம்பி ஒரு நூலிழை அளவு தாழும். அந்தத் தாழ்வு வெளியே டயலில் மிகச் சிறிய மாறுதலாகத் தெரியும். பழகிய நிபுணர் ஒவ்வொரு நிலையிலும் அந்த அளவைக் குறித்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போவார். புள்ளிகளைச் சேர்த்தால் ஓரிடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். ஒரு தகட்டின் வெட்டு அங்கே இருக்கிறது என்று பொருள். பிறகு அடுத்த தகடு, அதற்கடுத்த தகடு. பூட்டின் தரத்தையும் நிபுணரின் கைப்பழக்கத்தையும் பொறுத்துச் சில மணி நேரத்தில் பெட்டி திறந்துகொள்ளும். ஓர் ஆணி கழன்றிருக்காது, ஒரு கீறல் விழுந்திருக்காது.

திரைப்படத்தில் மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துக் காது கொடுத்துக் கேட்பதாகக் காட்டுவார்கள். உண்மையில் இந்த வேலையின் முக்கியக் கருவிகள் பென்சில், தாள், டயல் கோடுகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, அசையாமல் உட்காரும் பொறுமை ஆகியவையே. இப்போது டயலில் மாட்டினால் தானே சுற்றிச் சுற்றி ஒவ்வொரு சேர்க்கையாகப் பார்க்கும் மோட்டார் கருவியும் வந்துவிட்டது. 2017இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டில், இத்தகைய கருவி ஒன்று வீட்டு உபயோகப் பெட்டகம் ஒன்றை மேடையிலேயே ஏறத்தாழ அரை மணி நேரத்தில் திறந்து காட்டியது.

இது புதிய வித்தையும் அல்ல. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் சார்ஜென்ட், அக்காலத்துப் பூட்டுகளைத் தம் கைத்திறனால் திறந்து காட்டிப் புகழ் பெற்றவர். பிறர் பூட்டைத் திறக்கக் கற்றவர், தம்மைப் போன்றவராலும் திறக்க முடியாத பூட்டைச் செய்ய வேண்டும் என்று 1857 முதல் தாமே பூட்டுத் தொழிலில் இறங்கினார். நோயறிந்தவனே மருந்தறிவான் என்பது பூட்டுக்கும் பொருந்தும். அன்று முதல் இன்று வரை நல்ல பூட்டுகள் எல்லாம் திறப்பவருக்கும் செய்பவருக்கும் நடந்த போட்டியில் பிறந்தவைதான். அமெரிக்கத் தரச் சோதனை அமைப்பான அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரிஸ், எண் பூட்டுகளை வகை பிரிக்கும்போது "கைத்திறனை எத்தனை மணி நேரம் தாங்கும்" என்பதையும் அளவுகோலாக வைத்திருக்கிறது. 2எம் என்ற வகை இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். முதல் வகை இருபது மணி நேரம் தாங்க வேண்டும். கவனியுங்கள்: "திறக்கவே முடியாது" என்று அவர்கள் சொல்லவில்லை, "இத்தனை மணி நேரம்" என்றுதான் சொல்கிறார்கள். பெட்டி வாங்கும்போது கதவின் கனத்தையும் வண்ணத்தையும் பார்க்கும் நாம், பூட்டு எந்த வகை என்று ஒரு வார்த்தை கேட்டோமா?

எண்ணைக் காக்காதவருக்கு இரும்பு காவலாகாது

கைத்திறன் நிபுணர் இரவில் வந்து நம் பெட்டியைத் திறந்துவிடுவார் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய பயிற்சியும் பொறுமையும் உள்ளவர் நேர்மையாகவே நன்றாகச் சம்பாதிக்கலாம். திருடன் அவசரக்காரன். 2024 செப்டம்பரில் கேரளத்தின் திருச்சூரில் மூன்று ஏ.டி.எம். இயந்திரங்களைக் கேஸ் கட்டரால் வெட்டிப் பணத்தை அள்ளிய கும்பல், கண்டெய்னர் லாரியில் தப்பி வரும்போது நாமக்கல் அருகே பிடிபட்டதை அறிவோம். வெட்டுவதும், பெட்டியோடு தூக்கிப் போவதும்தான் திருடனின் வழி. அதைவிட எளிய வழி ஒன்றும் அவனுக்கு உண்டு. அது நாம் அஜாக்கிரதையால் திறந்து வைக்கும் வழி.

இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. பின்னாளில், 1965இல், இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிச்சர்ட் ஃபெயின்மன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அணுகுண்டு தயாரித்த இடம் அது. அங்கே இரகசியக் காகிதங்களை எண் பூட்டுள்ள அலமாரிகளில் வைத்திருந்தார்கள். ஃபெயின்மன் பொழுதுபோக்காக அந்தப் பூட்டுகளை ஆராய்ந்தார். சரியான எண்ணுக்கு இரண்டு கோடு முன்னும் பின்னும் இருந்தாலும் பூட்டு திறப்பதைக் கண்டார். அதாவது நூறு எண்ணும் பார்க்க வேண்டியதில்லை. ஐந்துக்கு ஒன்றாக இருபது எண் பார்த்தால் போதும். 10 லட்சம் என்ற கணக்கு ஒரேயடியாக 8,000க்கு இறங்கிவிட்டது. நாம் மேலே போட்ட அரை நிமிடக் கணக்கில் ஓர் ஆண்டு வேலை மூன்று நாளுக்குள் அடங்கிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. அலுவலர்கள் வேலை நேரத்தில் அலமாரியைத் திறந்தபடியே வைத்திருப்பார்கள். பேசிக்கொண்டே, விளையாட்டுப் போல டயலைத் திருப்பி, கடைசி இரண்டு எண்களையும் அவர் அறிந்துகொள்வார். மீதி ஒரு எண். இருபது முறை பார்த்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. சிலர் பிறந்த தேதியைப் போன்ற தேதிகளை எண்ணாக வைத்திருந்தார்கள். இன்னும் பலர், பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த எண்ணை மாற்றவே இல்லை. உயர் அதிகாரி ஒருவரின் கனத்த பெட்டகத்தை அங்கிருந்த பூட்டுத் தொழிலாளி திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, பெரிய வித்தைக்காரர் போலும் என்று ஃபெயின்மன் அவரைத் தேடிப்போய் நட்புக் கொண்டார். கடைசியில் தெரிந்தது, அவர் செய்தது தொழிற்சாலை எண்ணைப் போட்டுப் பார்த்தது மட்டுமே! பிறகு ஃபெயின்மன் தாமே பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெட்டி அந்தத் தொழிற்சாலை எண்ணிலேயே திறந்தது. அணுகுண்டு இரகசியத்துக்கே அந்தக் காவல் என்றால், நம் கடைப் பெட்டிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் கதையில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. இந்தக் குறையை ஓர் உயர் அதிகாரியிடம் அவர் எடுத்துச் சொன்னார். அலமாரியைத் திறந்து வைக்காதீர்கள் என்று உத்தரவு வரும் என எதிர்பார்த்தார். வந்த உத்தரவோ, ஃபெயின்மன் வந்துபோன அறைகளில் எல்லாம் எண்ணை மாற்றுங்கள் என்பது. குறையைச் சொன்னவரே குற்றவாளி ஆனார். குறை அப்படியே இருந்தது. நம் கடைத்தெருவிலும் இது நடக்காததல்ல.

பூட்டு உடையவில்லை என்றால் யார் மேல் பழி?

இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. பெட்டியில் பணம் குறைகிறது, பூட்டு உடையவில்லை, கதவில் கீறல் இல்லை. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "உள்ளாள் வேலை." கணக்குப்பிள்ளை, கல்லாவில் நிற்கும் பையன், பல ஆண்டுகளாக நம் உப்பைத் தின்று நமக்காக உழைத்தவர் என்று பார்ப்பதில்லை. காவல் நிலையத்தில் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். தொழிற்சாலை எண்ணை மாற்றாமல் வைத்திருந்தோம், டயலைக் கலைக்காமல் பகல் முழுவதும் பெட்டியைத் திறந்து போட்டோம், எண்ணைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தோம், போன வருடம் விலகிய பங்காளிக்கும் அதே எண் தெரியும் என்பதையெல்லாம் சொல்வதில்லை. எண் ஒரு பூட்டைத் திறக்கும். ஒரு ஏழைத் தொழிலாளியின் மானத்தையும் பூட்டிவிடும். பூட்டு உடையாதது உள்ளாள் செய்தான் என்பதற்குச் சாட்சியாகாது. எண் யார் யாருக்குத் தெரியும் என்று எழுத்தில் வைக்காத முதலாளிக்கு, யாரையும் சந்தேகிக்கும் உரிமை பாதிதான் உண்டு என்பது நம் கருத்து.

காப்பீட்டிலும் இதே சிக்கல். நம்மில் பலர் கொள்ளைக் காப்பீடு எடுத்திருக்கிறோம். பாலிசியின் சிறிய எழுத்தைப் படித்தவர் குறைவு. வழக்கமான பாலிசி வாசகப்படி, பலாத்காரமாக உட்புகுந்ததற்கோ வெளியேறியதற்கோ தடயம் இருந்தால்தான் அது "கொள்ளை". 2004இல் உச்ச நீதிமன்றமும் ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில், பாலிசி அப்படிச் சொல்லும்போது பலாத்காரம் இல்லாத வெறும் திருட்டுக்கு இழப்பீடு கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மேலும், உரிமையாளரின் சாவியாலோ மாற்றுச் சாவியாலோ பெட்டி திறக்கப்பட்டால், அந்தச் சாவி அடித்தோ மிரட்டியோ பறிக்கப்பட்டதாக இருந்தாலன்றி இழப்பீடு இல்லை என்ற விதிவிலக்கும் வழக்கமாக உண்டு. எண் தெரிந்து சத்தமில்லாமல் திறந்தவனால் போன பணத்துக்குக் காப்பீடு கைகொடுக்குமா என்பதைப் பாலிசி எடுக்கும் நாளிலேயே முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் போனபின் கேட்பது, மழை நின்றபின் குடை வாங்குவது போல.

எண் தெரிந்தவருக்கும் ஆபத்து உண்டு. 1876 ஜனவரியில் அமெரிக்காவின் நார்தாம்ப்டன் நகர வங்கியைக் கொள்ளையடித்த கும்பல் முதலில் பூட்டைத் தொடவில்லை. நள்ளிரவில் வங்கிக் காசாளரின் வீட்டுக்குள் புகுந்து, வீட்டிலிருந்தவர்களைக் கட்டிப்போட்டு, காசாளரைச் சித்திரவதை செய்து எண்ணைப் பெற்றது. குறித்த நேரம் வரை எண் தெரிந்தவராலும் திறக்க முடியாத நேரப் பூட்டை மேலே சொன்ன சார்ஜென்ட் 1873இலேயே செய்திருந்தார். இத்தகைய கொடுமைகளுக்குப் பிறகே வங்கிகள் அதன் அருமையை உணர்ந்தன. இரவில் பெருந்தொகை வைக்க நேரும் மொத்த வியாபாரிகள், நேரப் பூட்டு பெட்டிக்கு மட்டுமல்லாமல் உரிமையாளரின் உயிருக்கும் பாதுகாப்பு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

"இதையெல்லாம் எழுதலாமா?"

"பத்திரிகையில் இப்படி எழுதினால் திருடனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஆகாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இதே கேள்வி லண்டனில் 1851இலேயே எழுந்தது. அங்கே நடந்த மாபெரும் பொருட்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர், யாராலும் திறக்க முடியாது என்று பெயர் பெற்ற சப் நிறுவனப் பூட்டைப் பலர் முன்னிலையில் அரை மணி நேரத்துக்குள் திறந்தார். அடுத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு பல்லாண்டுகளாகக் கடைக் கண்ணாடிக்குள் வீற்றிருந்த பிராமா பூட்டையும், பதினாறு நாளில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்துத் திறந்துவிட்டார். ஊரே கொந்தளித்தது. இதை வெளியே சொன்னது தவறு என்றனர் சிலர். திருடர்கள் தம் தொழிலை ஏற்கெனவே நன்கு அறிவார்கள், அறியாதிருப்பவர்கள் பூட்டை நம்பிப் பணம் வைக்கும் நல்லவர்களே என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். அந்தச் சர்ச்சைக்குப் பிறகு பூட்டுகள் மேம்பட்டனவே தவிர, லண்டன் கொள்ளை போய்விடவில்லை.

நம் நிலையும் அதுவே. கலப்பட மிளகை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாம் வெளிப்படையாக எழுதுகிறோம். அதைப் படித்துக் கலப்படக்காரன் கற்றுக்கொள்வான் என்று மௌனமாக இருந்தோமா? வாங்குபவன் விழித்துக்கொண்டால்தான் விற்பவன் திருந்துவான். பெட்டி வாங்குபவர் நாம். விழிக்க வேண்டியவரும் நாமே.

கேஸ் கட்டரா, கைத்திறனா?

எண் மறந்துபோனாலோ, எண் அறிந்த பெரியவர் திடீரென மறைந்துவிட்டாலோ, பூட்டே பழுதானாலோ நாம் செய்வதென்ன? அடுத்த தெரு வெல்டிங் பட்டறையிலிருந்து ஆளை அழைத்துக் கேஸ் வைத்து வெட்டச் சொல்கிறோம். நெருப்புச் சூட்டில் உள்ளே இருக்கும் ரூபாய் நோட்டும் பத்திரமும் கருகலாம். தீத்தடுப்புக்காகக் கதவுக்குள் நிரப்பிய பொருள் பாழாகும். பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

முறையாகப் பயின்ற நிபுணர் வேறு விதமாக வேலை செய்வார். முதலில், பெட்டி உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்பார். கேட்காதவரை உள்ளே விடாதீர்கள். அடுத்து, தெரிந்த எண்ணையே ஓரிரு கோடு முன்பின் தள்ளிப் போட்டுப் பார்ப்பார். பழைய பூட்டு தேய்ந்து எண் சற்று நகர்ந்திருக்கக்கூடும். திசையையும் சுற்று எண்ணிக்கையையும் சரிபார்ப்பார். "பூட்டு கெட்டுவிட்டது" என்று நாம் சொல்வதில் சில, நாம் தவறாகச் சுற்றியதுதான். அதற்கும் மசியாவிட்டால் தாளும் பென்சிலும் எடுத்து உட்காருவார். அதுவும் முடியாத பூட்டென்றால், சரியான ஓரிடத்தில் சிறு துளையிட்டு, உள்ளே பார்க்கும் குழல் கண்ணாடியால் தகடுகளைப் பார்த்துத் திறந்து, பிறகு அத்துளையைக் கடினமான எஃகு அடைத்துச் சரிசெய்வார். வெட்டுவது கடைசி வழி. இவ்வளவுக்கும் அவர் கேட்கும் கூலியைக் கண்டு, "இரண்டு மணி நேரம் சும்மா டயலைத் திருப்பியதற்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். சரக்கை முகர்ந்து பார்த்தே எந்த ஊர் மல்லி என்று சொல்லும் மண்டிக்காரருக்கு அந்த மூக்குக்குத்தான் மதிப்பு. விரல்நுனியில் நூலிழை அளவை உணர்பவருக்கு மட்டும் ஏன் மதிப்பில்லை?

இத்தகையோர் நம் பகுதிகளில் குறைவாக இருப்பதும் உண்மையே. நம் திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் பூட்டுச் செய்யும் பரம்பரை நம்மிடம் இருக்கிறது. அந்தக் குடும்பத்து இளைஞர்களுக்குப் பெட்டகப் பூட்டுப் பழுதுபார்க்கும் பயிற்சி கிடைத்தால் அவர்களுக்கும் பிழைப்பு, நமக்கும் பாதுகாப்பு. சங்கத்தின் மாவட்டக் கிளைகள் பெட்டக நிறுவனங்களோடு பேசி இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பயிற்சி பெற்றோரின் பெயர்ப் பட்டியலைக் காவல் நிலையத்துக்கும் உறுப்பினர்களுக்கும் தர வேண்டும். இதுவே நாம் முன்வைக்கும் முதல் கோரிக்கை.

இனி, நாளைக்கே ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை:

1. பெட்டி வாங்கிய நாள் முதல் எண்ணை மாற்றவில்லை என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். பொத்தான் அழுத்தும் மின்னணுப் பெட்டிகளில் தொடக்க எண் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். உரிமையாளர் எண்ணோடு, முதன்மை எண் என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

2. பிறந்த நாள், திருமண நாள், வண்டி எண், தொலைபேசி எண், கடைக் கதவெண் எதுவும் வேண்டாம். கையேட்டில் தவிர்க்கச் சொன்ன எண்கள் இருந்தால் தவிருங்கள்.

3. எண் மாற்றியதும் கதவைத் திறந்து வைத்தபடியே மூன்று முறை பூட்டித் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் கதவை மூடுங்கள்.

4. பெட்டியைத் திறந்ததும் டயலைப் பல சுற்று சுற்றிக் கலைத்துவிடுங்கள். பகலில் திறந்து போடாதீர்கள். எண் போடும்போது டயலுக்கு எதிரே ஆளோ கண்ணாடியோ கண்காணிப்புக் கேமராவோ இருக்கக் கூடாது. திருடனைப் பிடிக்க வைத்த கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடப் போகிறது.

5. எண் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள். அவர்களில் ஒருவர் வேலையை விட்டாலோ, பங்கு பிரிந்தாலோ, பழுதுபார்க்க ஆள் வந்துபோனாலோ அன்றே எண்ணை மாற்றுங்கள். இது அவர் மேல் சந்தேகம் கொண்டு செய்வதல்ல. பின்னால் அவர் மேல் பழி வராமல் காப்பதற்குச் செய்வது.

6. எண்ணை ஒரு தாளில் எழுதி, உறையிட்டு, அரக்கு முத்திரை வைத்து, வங்கி லாக்கரிலோ நம்பிக்கையான உறவினரிடமோ கொடுத்து வையுங்கள். முதலாளி கண்மூடினால் குடும்பம் பெட்டி முன் கைபிசைந்து நிற்கக் கூடாது.

7. பெட்டியைத் தரையோடும் சுவரோடும் போல்ட் போட்டு இறுக்குங்கள். தூக்கிப் போகக்கூடிய பெட்டிக்கு எந்தப் பூட்டும் ஒன்றுதான்.

8. முடிந்தவரை ரொக்கத்தைக் குறையுங்கள். பெட்டியில் இல்லாத பணத்தை எவனாலும் எடுக்க முடியாது.

தராசுக்கு முத்திரை போடாமல் ஒரு நாள் வைத்திருந்தாலும் நமக்கு மனம் உறுத்துகிறது. அது அரசு அபராதத்துக்கு அஞ்சி மட்டும் அல்ல. அளவு தவறினால் நாணயம் தவறும் என்ற பயத்தால். பெட்டியின் எண்ணும் அத்தகைய நாணயந்தான். பங்காளியின் பணமும், சரக்கு தந்தவரின் பாக்கியும், வேலையாளின் நற்பெயரும் அந்த மூன்று எண்களுக்குள் அடங்கியிருக்கின்றன.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் நிபுணர் பட்டியல், பயிற்சி, காப்பீட்டு வாசகம் ஆகிய மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை காத்திராமல், இன்றிரவு கடையடைக்கும் முன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பெட்டி முன் நின்று, மேலே கேட்ட நான்கு கேள்விகளையும் தம்மைத் தாமே கேட்டுப் பார்க்குமாறு அன்போடு வேண்டுகிறோம்.